ஜப்பானிய மொழி வகுப்பு: தமிழ்வழி மாணவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள்?

கேள்வி – கொலுசூர்
சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு மாலையில் என்5 (ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலை) வகுப்பு எடுக்கிறேன். ஆங்கிலவழியில் படித்தவர்கள் சீக்கிரமே முன்னால் போய்விடுகிறார்கள். தமிழ்வழியில் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இலக்கணத்தில் தடுமாறுகிறார்கள், கேட்டல் பகுதியைக் கைவிட்டே விடுகிறார்கள். "இவங்களுக்கு மொழி வராது" என்று ஒதுக்க மனசு வரவில்லை. எங்கிருந்து மாற்றுவது?

பதில் – மாலைவகுப்பு
மேடம், முதல் தடை நடுவில் நிற்கிற ஆங்கிலம். பாடநூல் விளக்கம் முழுக்க அதில்தான் இருக்கு. ஜப்பானியத்தோட பாதி இலக்கணம் இந்தப் பசங்க வாயில் ஏற்கெனவே இருக்குங்க. "சென்னை நி இகிமாசு" என்றால் "சென்னைக்குப் போறேன்". சொல் வரிசைகூட மாறலை. நி = கு, ஓ = ஐ, தோ = ஓடு. "தபேதே இகிமாசு" அப்படியே "சாப்பிட்டுப் போறேன்". இதை ஆங்கிலம் வழியா சுத்தி வளைச்சுச் சொல்லும்போதுதான் குழம்புறாங்க.

இடறுற இடத்தையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. "வீட்டில் சாப்பிடறேன்", "வீட்டில் இருக்கேன்" ரெண்டுக்கும் நமக்கு ஒரே "இல்". அங்கே செயல் நடக்கிற இடத்துக்கு தே, இருப்புக்கு நி. தமிழ்ப் பழக்கத்தில் ரெண்டுக்கும் தே போட்டுடுவாங்க. வா (எதைப் பற்றிப் பேசறோம்னு காட்டுறது), கா (ga, எழுவாயைக் காட்டுறது) வேறுபாட்டுக்குத் தமிழில் நேர் இணை கிடையாது. அதுக்குத் தனி வகுப்பே ஒதுக்குங்க.

விளக்கம் தமிழில் இருக்கட்டும், ஆனா உச்சரிப்பைத் தமிழெழுத்தில் குறிச்சுக்க விடாதீங்க. வல்லினம் ஒவ்வொண்ணுக்கும் நமக்கு ஒரே எழுத்து; ka, ga ரெண்டும் "க"தான். அங்கே எழுத்தின் மேல் ரெண்டு சின்னக் கோடு விழுந்தால் சொல்லே வேற. ரெண்டு வாரத்துக்குள் ஹிரகானாவுக்கு (ஜப்பானிய அடிப்படை எழுத்து) மாத்திடுங்க.

பதில் – தறிமேடு
இலக்கணத்தைவிட எனக்குக் கவலை கேட்டல்தான். மொத்தம் 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டலில் 60க்கு 19 வரலைன்னா மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்வி. ஒலிப்பதிவை ஒரே தடவைதான் போடுவாங்க.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓடுற வீட்டில் போனைக் காதில் வச்சாலும் சொல்லின் கடைசி அசை விழாது. ஜப்பானியத்தில் காலமும் எதிர்மறையும் அந்தக் கடைசியில்தான்: இகிமாசு (போறேன்), இகிமாஷிதா (போனேன்), இகிமாசென் (போகமாட்டேன்). அதனால கேட்டலை வீட்டுப்பாடமாக் கொடுக்கவே கூடாது. வகுப்போட முதல் 20 நிமிஷம் அதுக்கே. ஒரே பதிவை மூணு முறை: எழுத்து பார்க்காம, பார்த்து, பிறகு கூடவே சொல்லி. ஏற்காட்டு மலைக் கிராமங்களில் சிக்னல் ஒழுங்கா நிக்காது. ஒலிப்பதிவை ப்ளூடூத்தில் கொடுத்து அனுப்புங்க.

இன்னொண்ணு. டிசம்பர் தேர்வு முதல் ஞாயிறு, சென்னையில். அந்த நேரம் மேலே ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு. தோட்டவேலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் கை தேவைப்படும். அக்டோபருக்குள் பாடத்தை முடிங்க, இல்லைன்னா ஜூலைத் தேர்வுக்கு அனுப்புங்க.

பதில் – சமூகவியல்_துறை
குடும்பத்திலிருந்து வரும் பேச்சுப் பழக்கத்தையும் பள்ளியோடு ஒத்துப்போகும் நடையையும் பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்றார். வகுப்பில் அது சந்தேகம் கேட்கிற துணிச்சலாகத் தெரியும். வாத்தியாரை இடைமறிக்கக் கூடாது என்று வளர்ந்தவர் சும்மா இருப்பார், நாம் அதைப் புரியாமை என்று எடுத்துக்கொள்வோம். "யாருக்காவது சந்தேகமா?" என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் ஒரு கேள்வி எழுதித் தரச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். இருவர் உரையாடலில் கேட்பவர், சொல்பவர் என்று முறையைப் பிரித்துக் கொடுத்து, பாதியில் மாற்றிவிடுங்கள்; இல்லையென்றால் தெரிந்தவரே முழுக்கப் பேசி முடித்துவிடுவார்.