அப்பாவை அறையிசைக் கச்சேரிக்கு அழைத்துப் போக உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலையரங்கின் ரிசைட்டல் ஸ்டூடியோவில் மேற்கத்திய அறையிசைக் (chamber music, சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் இசை) கச்சேரிகளைத் தொடர்ந்து கேட்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

அப்பாவுக்கு 76 வயது. 50 ஆண்டுகள் கர்நாடக வயலின் வாசித்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை விரல்கள் சரியாக மடங்குவதில்லை. ஆனாலும் ஒலி 96.8 வானொலியில் ஒரு கீர்த்தனை வந்துவிட்டால், அந்த விரல்கள் போர்வையின் மேல் ஸ்வரம் தேடுகின்றன. தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்த மனிதர் அவர். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என நால்வர், மிருதங்கமும் இல்லாமல், ஒருவர் மூச்சை மற்றவர் கவனித்துக் காலப்பிரமாணம் காப்பதை அவருக்கு நேரில் காட்ட ஆசைப்படுகிறேன். மேற்கத்திய இசையமைப்பாளர் ஹைடன் ஒருவரே இப்படி நால்வர் வாசிக்க 68 படைப்புகள் எழுதியிருக்கிறார் என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சுமார் 245 இருக்கைகளே உள்ள அரங்கம் அது. சக்கர நாற்காலிக்கு இடம் வேண்டும் என்றால் டிக்கெட் வாங்கும்போதே சொல்ல வேண்டுமா? முதல் வயலின்காரரின் இடது கை நன்றாகத் தெரிய எந்தப் பக்கம் அமரலாம்? எம்ஆர்டி ரயிலில் வருவோம்; நிலையத்திலிருந்து படியில்லாத வழி எது?

இன்னொன்று. நல்ல சங்கதி வந்தால் அப்பா மெதுவாக "பலே" என்பார். ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டும் வழக்கமில்லை என்று அறிவேன். அப்பா "பலே" சொல்வது மற்றவர்களுக்கு இடைஞ்சலாகுமா? அவரைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.