ரெய்டு கார்டு மாற்றி இமேஜை ரீஸ்டோர் செய்தேன், பூட் ஆகும்போது நீலத்திரை

கணக்குசர்வர்:
எங்கள் அலுவலகத்தில் இருப்பது ஒரே சர்வர், விண்டோஸ் சர்வர் 2016, அதில் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஓடுகிறது, பில்லிங் முழுக்க அதை நம்பித்தான். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் பழைய ரெய்டு கார்டின் பேட்டரி போய்விட்டதால் அதன் கேஷ் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) வேலை செய்வதில்லை, எல்லாமே ஊர்கிறது. அதனால் வேறு கம்பெனி கார்டு ஒன்றும், 960 ஜிபி எஸ்எஸ்டி நான்கும் வாங்கினோம். போன ஞாயிறு முழு இமேஜ் (டிஸ்க்கின் அப்படியே நகல்) எடுத்து, பழைய கார்டைக் கழற்றி, புதியதில் ரெய்டு 10 (டிஸ்க்குகளை ஜோடி ஜோடியாக நகல் வைக்கும் முறை) போட்டு ரீஸ்டோர் செய்தேன். ரீஸ்டோர் ஒரு பிழையும் காட்டாமல் முடிந்தது. ஆனால் விண்டோஸ் லோகோ வந்த உடனே நீலத்திரை, 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்', அதாவது பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று. ராத்திரி 11 மணிக்குப் பழைய கார்டையும் டிஸ்க்குகளையும் மாட்டியதும் பழையபடி ஓடியது. இமேஜ் கெட்டுவிட்டதா? புதிதாக விண்டோஸ் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

இரவுப்பணி:
வேண்டாம். இமேஜ் மேல் குற்றம் இல்லை. லோகோ வரும்வரை டிஸ்க்கைப் படிப்பது பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) வழியாக, அதனால் அதுவரை சரியாகத்தான் போகும். அதற்கப்புறம் விண்டோஸ் தன்னுடைய டிரைவரால் (கார்டோடு பேசும் மென்பொருள்) படிக்க வேண்டும், உங்கள் இமேஜிலோ பழைய கார்டின் டிரைவர்தான் பூட்டில் ஏறுகிறது.

ஸ்லாட் காலி இருந்தால் சுலபம். பழைய கார்டு இருக்கும்போதே புதியதையும் மாட்டி, பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் செய்யுங்கள். டிரைவரைப் போட்டு, புதிய கார்டில் சின்னதாக ஒரு வால்யூம் உருவாக்கி ஃபார்மட் செய்து, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் இமேஜ் எடுங்கள். கார்டு மெஷினில் இல்லாதபோது டிரைவர் செட்டப்பை மட்டும் ஓட்டினால் பெரும்பாலும் போதாது, நான் அதில் ஒரு முழு ராத்திரியை இழந்திருக்கிறேன்.

கணக்குசர்வர்:
ஸ்லாட் ஒன்றுதான் சார்.

இரவுப்பணி:
அப்படியானால் ரீஸ்டோர் முடிந்ததும் விண்டோஸ் டிவிடியில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, டிஸ்ம் (DISM, பூட் ஆகாத விண்டோஸுக்குள்ளும் டிரைவரைச் சேர்க்கும் கருவி) கமாண்டால் அந்த விண்டோஸுக்குள் டிரைவரைச் சேருங்கள். பென்டிரைவில் ஐஎன்எஃப் கோப்பும் (டிரைவரை எப்படிப் போடுவது என்ற விவரக் கோப்பு) அதோடு வரும் மற்ற கோப்புகளும் பிரித்தெடுத்தபடி இருக்க வேண்டும், செட்டப் கோப்பு அங்கே உதவாது. டிவிடிக்கே அந்த கார்டு தெரியாவிட்டால் முதலில் அங்கேயும் டிரைவரை லோட் செய்யுங்கள். டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும், சி என்று நினைத்தது டி ஆக இருக்கலாம், பார்த்துவிட்டு கமாண்டைக் கொடுங்கள்.

பழையடிஸ்க்:
ஒரு அவசர விஷயம். கையில் இருக்கிறதே என்று போன ஞாயிறு இமேஜையே போடாதீர்கள், இந்த வாரத்து பில்கள் அதில் இல்லை. எஸ்க்யூஎல் சர்வீஸை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள், தனியாக டேட்டாபேஸ் பேக்கப்பும் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பழைய டிஸ்க்குகளில் எது எந்த ஸ்லாட் என்று மார்க்கரால் எழுதி எடுத்து வையுங்கள். புதிய கார்டில் அவற்றைச் சொருகவே கூடாது, வேறு கம்பெனி கார்டுக்கு அந்த ரெய்டு புரியாது, தெரியாமல் இனிஷியலைஸ் (டிஸ்க்கைப் புதிதாக்குவது) கொடுத்துவிட்டால் திரும்பிப் போக வழியே இருக்காது. எஸ்எஸ்டியின் செக்டர் (டிஸ்க் ஒரு தடவையில் படிக்கும் மிகச் சிறிய அளவு) 512 பைட் தானா என்றும் பாருங்கள், 4கே (4096 பைட்) மட்டும் காட்டும் டிஸ்க்கில் 512 இமேஜ் பூட் ஆகாது.

கணக்குசர்வர்:
இன்று முடித்துவிட்டேன். செக்டர் 512 தான். டிஸ்ம் வேலை செய்தது, முதல் பூட்டிலேயே லாகின் வந்தது. டி டிரைவைக் காணோம் என்று ஒரு நிமிடம் வயிறு கலங்கியது, டிஸ்க் மேனேஜ்மென்டில் ஆஃப்லைன் என்று இருந்தது, ஆன்லைன் ஆக்கியதும் எஸ்க்யூஎல் ஏறிவிட்டது. கடைசி பில் எண்ணைச் சரிபார்த்தேன், சனிக்கிழமை போட்டதேதான். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எழுதும் வேகம் மட்டும் இன்னும் குறைவாக இருக்கிறதே?

இரவுப்பணி:
புதிய கார்டின் பேட்டரி சார்ஜ் ஏறும்வரை கார்டு ரைட் த்ரூவில்தான் (கேஷில் நிறுத்தாமல் நேராக டிஸ்க்கில் எழுதும் முறை) ஓடும். நாளைக்குப் பாருங்கள், தானாக ரைட் பேக்குக்கு (முதலில் கேஷில் எழுதும் வேகமான முறை) மாறியிருக்க வேண்டும். அவசரப்பட்டு ஃபோர்ஸ் செய்யாதீர்கள், அந்த நேரம் கரண்ட் போனால் கேஷில் இருப்பது போய்விடும்.