‘போல’ வந்தால் எல்லாம் உவமை அணியா?

கேள்வி: நல்லூர்த் தாய்

வணக்கம். தரம் 10 இல் படிக்கும் என் மகளுக்குத் தவணைப் பரீட்சையில் சிலப்பதிகார அடிகள் இரண்டைத் தந்து, அவற்றில் அமைந்த அணியைக் கேட்டிருந்தார்கள்.

“போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
‘வாரல்’ என்பனபோல் மறித்துக்கை காட்ட”

‘போல்’ என்ற சொல்லைக் கண்டு அவள் உவமை அணி என்று எழுதினாள். விடை சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்ததே தவிர, ஏன் பிழை என்பது எங்கும் எழுதப்படவில்லை. உவம உருபு வெளிப்படையாக நிற்கும்போது அதனை உவமை அல்ல என்று எவ்வாறு கொள்வது? நானும் அந்நாளில் அணிகளை மனனம் செய்தவள்தான். ஆனால் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்ல முடியவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வடமராட்சி

அது தற்குறிப்பேற்ற அணி. உங்கள் மகள் உருபைத் தேடினாள். தேட வேண்டியது புலவன் என்ன செய்கிறான் என்பதை. மதுரையின் மதிற்கொடி காற்றுக்கு அசைவது இயல்பு. ஆனால் கோவலனும் கண்ணகியும் நகரை நெருங்கும் வேளையில், அங்கே கோவலன் கொலையுண்ணப் போவதை அறிந்த இளங்கோவடிகள், அந்த இயல்பான அசைவின்மேல் ‘வரவேண்டாம்’ என்ற தம் குறிப்பை ஏற்றுகிறார். உவமையில் ஒரு பொருளுக்கு இன்னொரு பொருள் ஒப்பாகக் காட்டப்படும். “அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல” என்னும்போது நிலத்தின் பொறுமையும் மனிதரின் பொறுமையும் அருகருகே நிற்கின்றன. இங்கேயோ கொடிக்கு ஒப்பாக வேறொரு பொருள் நிறுத்தப்படவில்லை. கொடிக்கு இல்லாத ஓர் எண்ணமே கொடுக்கப்படுகிறது.

இதனை விளக்க நான் வகுப்பில் எப்போதும் கம்பரையும் சேர்த்தே எடுப்பேன். மிதிலைக்குள் இராமன் நுழையும்போதும் கொடிகள்தாம் அசைகின்றன. ஆனால் அங்கே அவை, திருமகள் இந்நகரில் வந்திருக்கிறாள் என்று சொல்லி, “ஒல்லை வா” என அழைக்கின்றன. காற்றும் ஒன்று, கொடியும் ஒன்று. ஒருவர் கண்ணுக்கு அது தடுக்கும் கை, மற்றவர் கண்ணுக்கு அழைக்கும் கை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அப்பாடலில் “கொடிகள் என்னும் கைகளை நீட்டி” என்று வருகிறது. அத்தொடர் மட்டும் உருவகம். ஒரே பாடலுக்குள் இரண்டு அணிகள் பின்னி நிற்பதால்தான், ஒரு சொல்லை அடையாளமாக வைத்து விடை எழுதும் பழக்கம் பிள்ளைகளைக் கைவிடுகிறது.

பதில்: தனியார் கல்வி நிலையத்தில் கற்பிப்பவர்

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் பரீட்சை மண்டபத்தில் பதற்றத்துடன் இருக்கும் பிள்ளைக்கு உருபு ஒரு முதற்பிடி என்பதையும் மறுக்க இயலாது. அதை முதற்படியாகக் கற்பித்து, அங்கேயே நிறுத்துவதுதான் தவறு. மேலும், ‘போல’ இல்லாமலும் உவமை வரும். “வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று” என்ற குறளில் ‘அற்று’ என்பதே உருபு. உருவகத்துக்குச் சொல்லின் வரிசையைக் காட்டலாம்: மலர்விழி என்றால் மலர் போன்ற விழி, அது உவமை, விழிமலர் என்றால் விழியே மலர், அது உருவகம்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வடமராட்சி

முதற்பிடி என்ற அளவில் உடன்படுகிறேன். தொல்காப்பியர் அணிகளைத் தனித்தனியே பெயரிட்டு அடுக்காமல் உவமவியல் என்ற ஓரியலையே அமைத்தார். தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக விரித்தது. பெயர்கள் பெருகியபோது மனனமும் பெருகியது என்பதே என் மனக்குறை. பிள்ளையிடம் வளவில் நிற்கும் பனையைக் காட்டி மூன்று வசனங்கள் சொல்லச் சொல்லுங்கள். “பனையோலை விசிறிபோல் விரிந்திருந்தது” என்பது உவமை. “பனை என்னும் காவலன் வேலியோரம் நின்றான்” என்பது உருவகம். “வெளிநாடு செல்லும் பிள்ளையைப் போகவேண்டாம் என்று தடுப்பதுபோல் பனையோலைகள் அசைந்தன” என்பது தற்குறிப்பேற்றம்.

பதில்: நல்லூர்த் தாய்

மிக்க நன்றி, ஐயா. நேற்று மாலை முற்றத்தில் இருந்து மகளுடன் இதைச் செய்து பார்த்தேன். பனையை விட்டுவிட்டு, நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டைப் பார்த்து அவள் எழுதியது இது: “போனவர்கள் இன்னும் திரும்பவில்லையே என்று அழுவதுபோல், மழை ஓய்ந்த பின்னும் அந்த வீட்டு ஓடுகள் நீர் சொட்டின.” என்ன அணி என்று கேட்டேன். ஓடு தண்ணீரைத்தான் சொட்டியது, அழுகையை நான்தான் வைத்தேன் என்றாள்.