ரூட்டர் டேபிளுக்கு அடியில் பெட்டி அடைத்தும் தூள் அடங்கவில்லை, எங்கே தவறு?

புதுத்தச்சன்:
வணக்கம். மிச்சம் கிடந்த ப்ளைவுட்டை வைத்து ஒரு ரூட்டர் டேபிள் (மரத்தில் பள்ளம் எடுக்கவும் ஓரம் மழுக்கவும் உதவும் ரூட்டர் கருவியைத் தலைகீழாக மாட்டும் மேசை) செய்தேன். அடியில் ரூட்டரைச் சுற்றிப் பெட்டி கட்டி, இண்டு இடுக்கெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்து, பின்பக்கம் 35 மி.மீ. ஹோஸ் மாட்டி, நடுவில் ஒரு பெயின்ட் வாளி மூடிமேல் தூளைச் சுழற்றிப் பிரிக்கும் பிளாஸ்டிக் சைக்ளோனைப் பொருத்தி வேக்குவம் கிளீனரோடு இணைத்திருக்கிறேன். இவ்வளவு செய்தும் எம்டிஎஃப் (மர இழையை அழுத்திச் செய்த) பலகையின் ஓரத்தை மழுக்கும்போது தூள் எல்லாம் என் சட்டைமேல்தான். ரூட்டர் பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. வாளி கால்வாசி நிறைவதற்குள் வேக்குவமின் ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது. போன வாரம் ஹோஸில் ஒரு சிராய் சிக்கியதும் வாளி உள்வாங்கி நசுங்கியேவிட்டது. இன்னும் பெரிய வேக்குவம் வாங்கினால் சரியாகுமா?

உளிமுனை:
வேக்குவத்தை மாற்ற வேண்டாம். சிலிக்கான் வைத்து அடைத்ததுதான் முதல் பிரச்சினை. பெட்டிக்குள் காற்று நுழைய வழி இல்லாவிட்டால் வேக்குவம் எதை இழுக்கும்? தூள் நகர வேண்டுமென்றால் காற்று ஓட வேண்டும், காற்று ஓட ஒரு வாசல் வேண்டும். ஹோஸ் இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே, ஹோஸின் குறுக்குப் பரப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு துளை போடுங்கள், அதை நகர்த்தி மூடும் மாதிரி ஒரு சின்னப் பலகை வைத்தால் இன்னும் நல்லது, வேலைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கலாம். சூட்டுக்கும் இதுவே காரணம். பெரும்பாலான ரூட்டர்களில் மோட்டாரின் விசிறி பிட்டுக்கு (சுழலும் வெட்டுமுனைக்கு) எதிர் முனையில் காற்றை இழுத்து பிட் பக்கம் தள்ளும். தலைகீழாக மாட்டும்போது அந்த இழுக்கும் முனை பெட்டியின் தரைப் பக்கம் வந்துவிடுகிறது, அங்கே குவிந்து கிடக்கும் எம்டிஎஃப் தூளும் சூடான காற்றும்தான் மோட்டாருக்குள் போகிறது. ஆகவே தரையை ஹோஸ் வாயை நோக்கிச் சரிவாக அமையுங்கள்.

இரண்டாவது, எந்த வெட்டு தூளை எந்தப் பக்கம் எறிகிறது என்று பாருங்கள். பலகையின் நடுவில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும்போது மேல்பக்கம் மரம் மூடியிருப்பதால் தூளில் பெரும்பகுதி கீழே இறங்கும், பெட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். ஓரம் மழுக்கும்போது அப்படியில்லை, பிட் பாதி வெளியே நிற்கிறது, டேபிளுக்கு மேலேயே வீசுகிறது. அதற்கு ஃபென்ஸின் (பலகையை அணைத்து நகர்த்தும் தடுப்பின்) பின்னால்தான் உறிஞ்ச வேண்டும். ஃபென்ஸில் பிட் நிற்கும் வெட்டுக்குப் பின்புறம் ஒரு சின்னக் கூடு கட்டி ஹோஸை மாட்டுங்கள், ஃபென்ஸின் இரண்டு பலகைகளையும் பிட்டை உரசாத அளவுக்கு நெருக்கி வையுங்கள். வாய் குறுகினால் அங்கே காற்றின் வேகம் கூடும். முன்பக்கம் ஒரு அக்ரிலிக் தடுப்பு வைத்தால் சட்டையும் தப்பும், கண்ணும் தப்பும்.

மரத்தூள்மணி:
ஃபில்டர் அடைப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது வாளி மூடியை. சைக்ளோன் வேலை செய்வது சுழற்சியில், கனமான துகள் சுவரை ஒட்டிச் சுற்றி வாளிக்குள் விழும், காற்று மட்டும் நடுவழியாக மேலே போகும். மூடியில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே பாய்ந்து, விழுந்த தூளை மறுபடி கிளப்பி வேக்குவத்துக்கு அனுப்பிவிடும். சிலிக்கானைப் பெட்டியிலிருந்து எடுத்து இங்கே வையுங்கள்! வாளியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். நசுங்காமலிருக்க ஒரே அளவில் இரண்டு வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பாருங்கள், எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

அப்புறம் எம்டிஎஃப் என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியும் தூளைவிட, தெரியாமல் காற்றில் மிதப்பதுதான் நுரையீரலுக்குள் போகிறது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் வகைப்படுத்திவிட்டது, குறிப்பாக மூக்கின் உட்பகுதியில் வருவது. சைக்ளோன் அந்த நுண்தூளை முழுமையாகப் பிரிக்காது, ஆகவே வேக்குவத்தில் ஹெப்பா ஃபில்டர் போடுங்கள், அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். முகத்தில் என்95 மாஸ்க் இருக்கட்டும், ரூட்டரை நிறுத்தியதும் கழற்றிவிடாதீர்கள், மிதக்கும் தூள் படிய வெகுநேரம் ஆகும்.

புதுத்தச்சன்:
இருவருக்கும் நன்றி. துளை போட்டு, ஃபென்ஸுக்குப் பின்னால் கூடு கட்டி, ஹோஸை ஒய் இணைப்பில் இரண்டாகப் பிரித்தேன். ஓரம் மழுக்கினால் இப்போது சட்டையில் கொஞ்சம்தான், சூடும் குறைந்துவிட்டது. மூடிக்கு ரப்பர் வளையம் போட்டபின் ஃபில்டரில் மாவு போல ஒரு மெல்லிய படிவு மட்டுமே. ஆனால் ஹோஸைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது, ஆபத்தா?

உளிமுனை:
அது நிலைமின்சாரம், காய்ந்த தூள் பிளாஸ்டிக்கில் உரசுவதால் வருவது. இந்த அளவு பட்டறையில் அதனால் தீப்பிடிக்கும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் திடுக்கிட்டுக் கை பிட் பக்கம் போய்விடக் கூடாது. ஹோஸுக்குள் சுருள் கம்பி இருந்தால் அதன் முனையை உரித்து எர்த் உள்ள ஒரு உலோகப் பாகத்தோடு இணையுங்கள். கம்பி இல்லாத ஹோஸ் என்றால் வெளியே ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி எர்த் கொடுங்கள். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் முழுதாகப் போகாது, அடி வெகுவாகக் குறையும். ஒய் இணைப்பில் பயன்படுத்தாத கிளையை மூடிப் பாருங்கள், 35 மி.மீ. ஹோஸில் வரும் காற்று இரண்டு பக்கத்துக்கும் போதாது.