இடது பக்கம் மட்டும் குமுறுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு. ஹால் 14 அடிக்கு 10 அடி, தரை முழுக்க டைல்ஸ். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் வைத்திருக்கிறேன். கச்சேரி கேட்டால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் விழும்போதெல்லாம் இடதுபுறம் கும்மென்று குமுறுகிறது. பாடுபவர் குரலும் நடுவில் நிற்காமல் இடப்பக்கமே சாய்கிறது.

இடது ஸ்பீக்கரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றி வைத்துப் பார்த்தேன், அப்புறம் ஒயரையும் மாற்றினேன். குமுறல் அதே மூலையில்தான் இருக்கிறது. பிளஸ், மைனஸ் இணைப்பும் சரி. ஆக, அறைதான் காரணம். இடது ஸ்பீக்கர் இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் இருப்பதால் பேஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) கூடுகிறது. வலதுக்குப் பக்கத்தில் பால்கனிக் கதவு, எப்போதும் திறந்தே இருக்கும், அதனால் அங்கே பேஸ் தங்குவதில்லை (இந்தப் புழுக்கத்தில் மூடச் சொல்லாதீர்கள்). 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி அலை எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே தேங்கி, சுவரோரம் பலமாகக் கேட்கும் என்பதும் தெரியும். சோஃபாவோ பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது, முன்னால் இழுக்க வீட்டில் அனுமதி இல்லை.

பேலன்ஸ் குமிழை வலப்பக்கம் திருப்பினால் குரல் நடுவுக்கு வருகிறது, குமுறல் பெரிதாகக் குறையவில்லை. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் விலை கூடிய ஒயர் போடச் சொல்கிறார். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

இடது ஸ்பீக்கரைப் பக்கச் சுவரிலிருந்து எத்தனை அடி நகர்த்தினால் வித்தியாசம் தெரியும்? இரண்டையும் நீளச் சுவருக்கே மாற்றிவிடலாமா? சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பு. அதனால் தரையில் நிற்கிற மாதிரி ராக்வூல் பேனல் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு அல்லாத, பாறையிழைப் பஞ்சுப் பலகை) செய்து தருபவர்கள் சென்னையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.