போகமாட்டேன் என்று நிற்கிற ஃபோல்டர்

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. என் லப்டொப்பில் வின்டோஸ் 10, உபுண்டு என்று இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றன. தம்பி உபுண்டுவில் இருந்து டி டிரைவுக்குள் ஒரு ஃபோல்டர் உருவாக்கிவிட்டான். வின்டோஸில் அழிக்கப் போனால் 'இதைக் காணவில்லை' என்கிறது. கண்ணுக்கு முன்னால் நிற்கிறதே! றீஸ்டார்ட், சேஃப் மோட் எல்லாம் பார்த்தாயிற்று.

பிறகுதான் கவனித்தேன், பெயர் 'தேர்.' என்று முற்றுப்புள்ளியில் முடிகிறது. வின்டோஸ் கடைசிப் புள்ளியை விழுங்கிவிட்டு 'தேர்' என்று தேடுகிறதாம். கட்டளைகளைத் தட்டச்சிடும் கமாண்ட் ப்ரொம்ப்டில், ஃபோல்டரின் முகவரிக்கு முன்னால் \\?\ போட்டு, ஃபோல்டரை அழிக்கும் ஆர்டி (rd) கட்டளை கொடுத்தால் போகும் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அல்லது உபுண்டுவிலேயே அழிப்பது நல்லதா? பக்கத்து ஃபோல்டரில் நல்லூர்த் திருவிழாப் படங்கள், வேறு பிரதி இல்லை. அதுதான் கை நடுங்குகிறது.