கிளினிக்கில டெப் (டெப்லட் கணினி) வச்சு சாப்பாட்டுக் கணக்குப் பார்த்த அனுபவம் ஆருக்கும் இருக்கா?

களுவாஞ்சிக்குடி மகள்:
அம்மாவுக்கு எட்டு வருஷமாச் சீனி வருத்தம். "இனிப்பைக் குறைங்க" எண்டு டொக்டர் சொல்லுவார், அம்மா தலையாட்டுவா, அவ்வளவுதான். போன கிளினிக்கில ஒரு மிஸ் டெப்பை வச்சுக்கொண்டு கேட்டா. நாளைக்கு எத்தனை பிளேன்டீ? ஆறு. ஒண்டுக்கு எத்தனை கரண்டி சீனி? ரெண்டு. திரையில 60 கிராம் எண்டு விழுந்திச்சு. 2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லையே 50 கிராம்தானாம். மறுகா மிஸ் அந்த 60 கிராமையும் ஒரு கோப்பையில அள்ளிக் காட்டினா. "இவ்வளவையுமா மனே நான் குடிக்கிறன்?" எண்டு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டா.

அக்கரைப்பற்று வாசி:
எங்கட வாப்பாவுக்கு நான் போனில ஒரு செயலி போட்டுக் குடுத்தன். ஓட்ஸ், புரொக்கோலி, ஒலிவ் எண்ணெய் எண்டு பட்டியல் வந்திச்சு. வாப்பா ரெண்டாம் நாளே போனை மேசையில வச்சிட்டார். கலியாண வீட்டில ஆறு பேர் ஒரே சஹன்ல சாப்பிட்டதை எந்தக் கட்டத்தில போடுற? அதுக்கு அதில இடமே இல்ல.

மட்டக்களப்பு டொக்டர்:
நீங்க சொன்னது முக்கியமான விஷயம். ஸ்பெயின் ஆய்வொண்டில சாப்பாட்டுப் பழக்கம் கேக்கப் பாவிச்ச 14 கேள்விப் பட்டியலை நானும் பார்த்தன். அதில ஒலிவ் எண்ணெயும் வைனும் இருக்கு. அவங்கட சாப்பாட்டுக்கு அது சரி. எங்கட ஆக்களிட்ட நான் கேக்கிறது: வீட்டில நாளைக்கு எத்தனை தேங்காய், எத்தனை பேர்? சொதிக்கு முதல் பாலா, ரெண்டாம் பாலா? கருவாடு கிழமைக்கு எத்தனை நாள்? பதிலை டெப்பில பதிஞ்சா அடுத்த கிளினிக்கில பழைய கணக்கோட ஒப்பிடலாம். வரிசையில நூறு பேர் நிக்கிற நாளில அந்தப் பதிவு எனக்குப் பெரிய கை. இப்பிடியான சுருக்கக் கேள்விகளை வழமையான சிகிச்சையோட சேர்க்கச் சொல்லி அமெரிக்க இதய சங்கமும் 2020இல எழுதியிருக்கு. ஒரு வேண்டுகோள்: வீட்டில சமைக்கிறவரையும் கூட்டிட்டு வாங்க. சாப்பிடுறவருக்கு உப்புக் கணக்குத் தெரியாது.

களுவாஞ்சிக்குடி மகள்:
நன்றி டொக்டர். சமைக்கிறது நான்தான். கேட்ட உடனே தேங்காயை எண்ணிப் பார்த்தன்: நாலு பேருக்கு ரெண்டு. அம்மா இப்ப பிளேன்டீ ஒண்டுக்கு ஒரு கரண்டிச் சீனியில நிக்கிறா. மூண்டு மாசச் சராசரியைக் காட்டுற ரத்தப் பரிசோதனை அடுத்த கிளினிக்கில எடுப்பாங்க. முடிவு வந்ததும் இங்க போடுறன்.